மினமாட்டாவின் கருக்கால நோய்: நஞ்சுக்கொடி வழியே மெத்தில் பாதரசம் சென்ற பாதை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

ஜப்பானின் கியூஷு தீவில், குமாமோட்டோ மாநிலத்தின் தென்கோடியில், யாட்சுஷிரோ கடலை ஒட்டி மினமாட்டா நகரம் இருக்கிறது. 1950களின் நடுப்பகுதியில் அந்நகரத்தின் மீனவக் குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகள் பலருக்கு உரிய மாதத்தில் தலை நிற்கவில்லை. பிறகு அவர்களால் உட்காரவும் விழுங்கவும் பேசவும் இயலவில்லை. மருத்துவர்கள் அவர்களுக்குப் பெருமூளை வாதம் என்று பெயரிட்டார்கள். பெருமூளை வாதம் எந்த நாட்டிலும் ஆயிரம் குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு வரக்கூடியதுதான். ஆனால் ஒரே கரையோரத்தில், சில ஆண்டுகளுக்குள், ஒருவரையொருவர் ஒத்த குறைபாடுகளோடு இத்தனை குழந்தைகள் பிறந்திருப்பதற்கு அந்தப் பெயர் காரணம் சொல்லவில்லை.

அதே குடியிருப்புகளில் பெரியவர்களும் நோயுற்றிருந்தார்கள். சிஸ்ஸோ என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் தொழிற்சாலை மருத்துவமனைக்குத் தலைவராக இருந்த ஹொசோகாவா ஹாஜிமே, மைய நரம்பு மண்டலத்தைத் தாக்கும் இனம் தெரியாத ஒரு நோய் பரவுவதாக 1956 மே 1 அன்று உள்ளூர் சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தார். கை கால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், பார்வைப் புலம் குறுகுதல், பேச்சுக் குழறுதல், காது மந்தமாதல் ஆகியவை அதன் அறிகுறிகள். வளைகுடாவின் மீனையும் சிப்பியையும் உண்டவர்களுக்கே நோய் வந்தது என்பது சில மாதங்களில் தெளிவானது. காரணம் கரிமப் பாதரசம் (கார்பனோடு இணைந்த பாதரசம்; மெத்தில் பாதரசம் அதன் ஒரு வகை) என்று குமாமோட்டோ பல்கலைக்கழக ஆய்வுக் குழு 1959 ஜூலையில் அறிவித்தது. இங்கிலாந்தில் மெத்தில் பாதரசத்தைக் கையாண்ட தொழிலாளர்களைப் பற்றி 1940இல் வெளிவந்திருந்த மருத்துவ விவரிப்போடு மினமாட்டா நோயாளிகளின் அறிகுறிகள் பொருந்தியது அந்த முடிவுக்குப் பெரிதும் உதவியது.

சிஸ்ஸோ 1932 முதல் அசிட்டால்டிஹைடு என்ற வேதிப்பொருளைத் தயாரித்து வந்தது. வினையூக்கியாகப் பயன்பட்ட பாதரச சல்பேட்டின் ஒரு சிறு பகுதி வினைகலனுக்குள்ளேயே மெத்தில் பாதரசமாக மாறி, கழிவுநீருடன் கடலில் கலந்தது. அந்த உற்பத்தி 1968 மே மாதம் வரை நிற்கவில்லை. நோயின் காரணம் குறித்து அரசு தன் முறையான முடிவை அறிவித்ததும் அதே ஆண்டு செப்டம்பரில்தான். தொழிற்சாலையின் வரலாற்றை இந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்த ஆய்வின் பொருள், மீனையே உண்ணாத குழந்தைகளுக்குள் அந்தப் பாதரசம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதே.

ஆறு ஆண்டுக் காலத் தாமதம்

குழந்தைகளை மினமாட்டா நோயாளிகளாக ஏற்காததற்கு மருத்துவர்களிடம் மூன்று காரணங்கள் இருந்தன. அவர்கள் மீன் உண்டதில்லை. அவர்களைப் பெற்ற தாய்மார்களில் பலர் நோயாளிகளாகத் தோன்றவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தாயின் இரத்தத்தில் உள்ள நச்சுப் பொருள்களை நஞ்சுக்கொடி தடுத்து நிறுத்திவிடும் என்பது அந்நாளைய மருத்துவத்தின் பொது நம்பிக்கையாக இருந்தது.

அந்த நம்பிக்கைக்கு எதிரான சான்றுகள் அதற்கு முன்பே கிடைத்திருந்தன. கருவுற்ற காலத்தில் ருபெல்லா என்னும் அம்மை நோய் கண்ட தாய்மார்களின் குழந்தைகளுக்குக் கண்புரை இருப்பதை ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941இல் எழுதியிருந்தார். பாதரசம் பூசிய தானியத்தை உண்ட ஒரு குடும்பத்தில் கருவிலிருந்த குழந்தையும் பாதிக்கப்பட்டுப் பிறந்ததாக ஸ்வீடனிலிருந்து 1952இல் ஒரு குறிப்பு வந்திருந்தது. மினமாட்டாவில் குழந்தைகளைப் பற்றிய வாதம் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1961 நவம்பரில், கருவிலிருந்த குழந்தைகளின் கை கால்களைக் குறைபடுத்திய தாலிடோமைடு என்ற மருந்து மேற்கு ஜெர்மனியில் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் நம்பிக்கை நீடித்ததற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. ருபெல்லா ஒரு கிருமி. தாலிடோமைடு ஒரு மருந்து. ஒவ்வொன்றும் தனித்தனி விதிவிலக்காகவே எண்ணப்பட்டது. நஞ்சுக்கொடி எந்த அடிப்படையில் ஒன்றை விடுகிறது, மற்றொன்றை நிறுத்துகிறது என்ற கேள்வி அப்போது கேட்கப்படவில்லை.

குமாமோட்டோ பல்கலைக்கழகத்தின் இளம் மருத்துவரான ஹரடா மசாசூமி 1961இல் வீடு வீடாகச் சென்று அந்தக் குழந்தைகளை மறுபடி பரிசோதித்தார். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவரிடமும் ஒரே விதமான குறைபாடுகளைக் கண்டார். அண்ணனுக்கு மினமாட்டா நோய் என்றும், தம்பி மீன் உண்ணாததால் அவனுக்குப் பெருமூளை வாதம் என்றும் மருத்துவர்கள் பிரித்துச் சொல்லியிருந்தார்கள். தாய் அதை ஏற்கவில்லை. தான் உண்ட மீனின் நஞ்சு வயிற்றிலிருந்த பிள்ளைக்குள் போயிருக்க வேண்டும் என்பதே அவருடைய உறுதியான எண்ணம். அந்த அக்கம்பக்கத்தில் அதே சமயத்தில் பிறந்த மற்றக் குழந்தைகளும் இப்படித்தான் இருக்கிறார்கள் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். இந்த நிகழ்வின் சரியான கருதுகோளை முதலில் உருவாக்கிய பெருமை அந்தத் தாய்க்கே உரியது என்று கருதுகிறேன். நோய்க்கூறு, இடம், காலம், குடும்பத்தில் வேறு நோயாளிகள் இருத்தல் என்று ஒரு நோய்ப்பரவல் ஆய்வாளர் தேடும் சான்றுகள் அனைத்தும் அவர் சொன்னதில் அடங்கியிருந்தன.

பெருமூளை வாதம் என்று கருதப்பட்ட ஒரு குழந்தை 1961 மார்ச்சிலும், இன்னொரு குழந்தை 1962 செப்டம்பரிலும் இறந்தன. பிரேதப் பரிசோதனையில் இருவரின் மூளையிலும் மினமாட்டா நோய்க்குரிய சிதைவுகள் காணப்பட்டன. 1962 நவம்பர் 29 அன்று, இறந்த அந்த இருவரும் உயிரோடிருந்த 16 குழந்தைகளும் கருவிலேயே மினமாட்டா நோய் கண்டவர்கள் என்று சான்றளிக்கப்பட்டார்கள். 1959 டிசம்பரில் நிறுவனம் செய்துகொண்ட உதவித்தொகை ஒப்பந்தம் சான்று பெற்ற நோயாளிகளை மட்டுமே பொருட்படுத்தியதால், இந்தச் சான்று குடும்பங்களின் வாழ்வையும் தீர்மானித்தது. பின்னர் இப்படி அடையாளம் காணப்பட்டவர்களின் எண்ணிக்கை அறுபதைத் தாண்டியது.

நோய்க்கூறு: தாயும் சேயும்

குழந்தைகளிடம் அறிவு வளர்ச்சிக் குறைவு, சிறுமூளை சார்ந்த தள்ளாட்டம், பேச்சுக் குழறல், உடல் வளர்ச்சித் தேக்கம், கை கால் உருக்கோணல் ஆகியவை பொதுவாகக் காணப்பட்டன. பலருக்குத் தானாக நிகழும் அசைவுகளும், மாறுகண்ணும், அளவுக்கு மீறிய உமிழ்நீரும் இருந்தன. பிறந்த சில மாதங்களில் மறைந்துவிட வேண்டிய அனிச்சைச் செயல்கள் பல ஆண்டுகள் கழித்தும் எஞ்சியிருந்தன. தாய்மார்களைக் கவனமாகப் பரிசோதித்தபோது, விரல் நுனி மரத்துப்போதல் போன்ற சிறு உணர்ச்சிக் குறைகள் பலரிடம் தெரியவந்தன. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அவை புலப்படாது. அன்றாட வேலைகளைச் செய்துவந்த அந்தப் பெண்களும் அவற்றைப் பெரிதாக எண்ணவில்லை.

பெரியவர்களின் மூளையில் மெத்தில் பாதரசம் குறிப்பிட்ட சில இடங்களையே அதிகமாக அழிக்கிறது. பார்வைக்குரிய பின்பக்கப் புறணியும், மைய வரிப்பள்ளத்தின் இருபுறமும், சிறுமூளையின் துகள் செல் அடுக்கும் அத்தகைய இடங்கள். கருவில் தாக்கப்பட்ட மூளையிலோ சேதம் எங்கும் பரவியிருந்தது; மூளையே சிறுத்திருந்தது. வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் நரம்புச் செல்கள் பிறந்த இடத்திலிருந்து தமக்குரிய அடுக்குக்கு நகர்ந்து செல்ல வேண்டும். செல் பிரிவும் இடைவிடாது நடக்க வேண்டும். இரண்டுக்கும் நுண்குழல்கள் என்னும் செல் உள்ளமைப்பு தேவை. அந்த நுண்குழல்களை ஆக்கும் டியூபுலின் புரதத்தின் கந்தகத் தொகுதிகளில் மெத்தில் பாதரசம் ஒட்டிக்கொண்டு அவற்றைக் குலைக்கிறது. ஆகவே தாயின் மூளை தாங்கிக்கொள்ளக்கூடிய அளவே சேயின் மூளை உருவாகும் ஒழுங்கைச் சிதைக்கப் போதுமானது.

ஆயினும் மூளையின் மென்மை இந்த நிகழ்வின் பாதிக் கதைதான். தாயின் இரத்தத்தில் இருந்ததைவிடக் கூடுதலான பாதரசம் சேயின் இரத்தத்தில் இருந்தது என்பது மறுபாதி. அதைப் புரிந்துகொள்ள நஞ்சுக்கொடியின் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

இரு இரத்தங்களுக்கும் இடையில் உள்ளவை

மனித நஞ்சுக்கொடியில் தாயின் இரத்தம் கருப்பையின் சுருள் தமனிகளிலிருந்து வெளியேறி, விரலிகள் எனப்படும் விரல் போன்ற நீட்சிகளுக்கு இடையிலுள்ள வெளியில் நேரடியாகப் பாய்கிறது. கிளை கிளையாகப் பிரிந்த விரலிகள் அந்த இரத்தத்தில் நனைந்தபடி இருக்கின்றன. அவற்றுக்குள் சேயின் தந்துகிகள் ஓடுகின்றன. இரண்டு இரத்தங்களும் கலப்பதில்லை. ஒவ்வொரு விரலியையும் சின்சிசியோட்ரோபோபிளாஸ்ட் என்ற படலம் போர்த்தியிருக்கிறது. இது பல செல்கள் ஒன்றாகக் கலந்து உருவானது. உட்கருக்கள் பல உண்டு, ஆனால் செல்லுக்கும் செல்லுக்கும் இடையில் எல்லைக்கோடு கிடையாது. இதனால், மற்றத் திசுக்களில் செல்களுக்கு இடையே உள்ள இடுக்கு வழியாக நழுவிப் போகக்கூடிய பொருள்களுக்கு இங்கே அந்த வழி பெரும்பாலும் இல்லை. எதுவாயினும் அந்தப் படலத்தின் தாய்ப்பக்கச் சவ்வைக் கடந்து, உள்ளே பயணித்து, சேய்ப்பக்கச் சவ்வையும் கடக்க வேண்டும். அதன்பின் தந்துகியின் உட்சுவர் ஒன்றே எஞ்சும்.

பேறுகாலம் நெருங்கும்போது இந்தப் பரிமாற்றப் பரப்பு 11 முதல் 13 சதுர மீட்டர் வரை விரிகிறது. சில இடங்களில் இரு இரத்தங்களுக்கும் இடைப்பட்ட தூரம் சில மைக்ரோமீட்டர்களாகக் குறைகிறது. தொடக்க வாரங்களில் நிலைமை வேறு. அப்போது சுருள் தமனிகளின் வாய் கருவின் செல்களாலேயே அடைபட்டிருக்கும். தாயின் இரத்தம் விரலிகளைச் சுற்றித் தடையின்றிப் பாயத் தொடங்குவது ஏறத்தாழ 10 முதல் 12 வாரங்களில்தான். அதுவரை கருப்பைச் சுரப்பிகளின் சுரப்பே கருவின் ஊட்டம். மருந்துகளும் நச்சுகளும் அந்தச் சுரப்பு வழியாகவும் கருவை அடையலாம் என்பதால், இரத்தம் பாயவில்லை என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. கை கால்கள் உருவாகும் தொடக்க வாரங்களில் தாலிடோமைடு செய்த கேடே அதற்குச் சான்று.

இந்தப் படலத்தைக் கடக்கும் வழிகள் பல. ஆக்சிஜனும் கரியமில வாயுவும் செறிவு வேறுபாட்டைப் பின்பற்றித் தாமாகப் பரவுகின்றன. அவற்றின் வேகத்தை நிர்ணயிப்பது சவ்வின் தடிமனைவிட இரத்த ஓட்டமே. மின்னூட்டம் இல்லாத, கொழுப்பில் கரையும், சுமார் 500 டால்டனுக்கு (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) உட்பட்ட மூலக்கூறுகளும் இப்படியே செல்கின்றன. ஆல்கஹாலும், 258 டால்டன் எடையுள்ள தாலிடோமைடும் இந்த வகை. மாறாக ஹெப்பாரினின் மூலக்கூறு பெரியது, மின்னூட்டமும் மிக்கது, அது கடப்பதில்லை. வார்ஃபாரின் சிறியது, அது கடந்து சென்று கருவைப் பாதிக்கிறது. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தேவைப்படும் கருவுற்ற பெண்ணுக்கு மருத்துவர்கள் ஹெப்பாரின் வகையைத் தேர்ந்தெடுப்பதற்கு இந்த வேறுபாடே காரணம்.

குளுக்கோஸ் க்ளூட்1 என்ற கடத்திப் புரதத்தின் வழியே, தாயின் கூடுதல் செறிவிலிருந்து சேயின் குறைந்த செறிவை நோக்கி இறங்குகிறது. தாயின் இன்சுலின் கடப்பதில்லை. எனவே நீரிழிவுள்ள தாயின் மிகை குளுக்கோஸ் சேயை அடைய, சேய் தன் சொந்த இன்சுலினைக் கொண்டு அதைச் சமாளித்து எடை கூடுகிறது. ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் 1,50,000 டால்டன் எடையுள்ளது. அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் கடக்கவே முடியாதது. ஆனால் எஃப்சிஆர்என் என்ற ஏற்பி அதைப் பிடித்து, குமிழிக்குள் வைத்து, மறுபக்கம் கொண்டுபோய் விடுகிறது. நிறைமாதத்தில் சேயின் இரத்தத்தில் அது தாயினுடையதையும் மிஞ்சுகிறது. ஐஜிஎம் எதிர்ப்பொருளுக்கு அத்தகைய ஏற்பி இல்லாததால் அது தாயிடமே நின்றுவிடுகிறது. தாயின் ஐஜிஜி நோயெதிர்ப்புக்கு உதவுவதாயினும், சேயின் சிவப்பணுக்களை அழிக்கும் ஆர்எச் எதிர்ப்பொருளாயினும், அந்த ஏற்பி வேறுபாடு பார்ப்பதில்லை. மினமாட்டாவுக்கு நேரடியாகப் பொருந்தும் இயல்பு இது. கடத்திப் புரதம் தான் பிடிக்கும் மூலக்கூறின் வடிவத்தைத்தான் அறியும். அதன் விளைவை அறியாது.

தடுக்கும் ஏற்பாடுகளும் இருக்கின்றன. தாய்ப்பக்கச் சவ்வில் உள்ள பி-கிளைக்கோபுரதம் போன்ற பம்புகள், உள்ளே வந்த பல மருந்துகளைப் பிடித்துத் தாயின் இரத்தத்துக்கே திருப்பித் தள்ளுகின்றன. ஒரு நொதி தாயின் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை வலுவற்ற கார்ட்டிசோனாக மாற்றிவிடுகிறது. பீட்டாமெத்தசோன் என்ற மருந்து அந்த நொதிக்குப் பெரிதும் தப்பிவிடுவதால்தான், குறைமாதப் பிரசவத்துக்கு முன் சேயின் நுரையீரலை முதிரச் செய்ய அதைத் தாய்க்கு ஊசியாகப் போட முடிகிறது. நஞ்சுக்கொடி சேயைக் காக்கும் அரண் என்ற பழைய எண்ணம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. அது எந்தப் பொருளுக்குப் பொருந்தும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்காமல், எல்லாவற்றுக்கும் பொருந்துவதாகக் கொண்டதே தவறு.

மெத்தில் பாதரசத்தின் பாதை

உலோகங்களை ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். காட்மியம் நஞ்சுக்கொடியில் உள்ள மெட்டலோதயோனின் என்ற புரதத்தோடு பிணைந்து, பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. கனிமப் பாதரசமும் அவ்வாறே நஞ்சுக்கொடியில் சேர்கிறது. சேய்க்குக் குறைவாகவே போகிறது. ஈயம் ஓரளவு தடையின்றிக் கடந்து, தொப்புள்கொடி இரத்தத்தில் தாயின் அளவைவிடச் சற்றுக் குறைந்த அளவில் காணப்படுகிறது. மெத்தில் பாதரசம் மட்டும் தொப்புள்கொடி இரத்தத்தில் தாயின் இரத்தத்தைவிட அதிகமாக இருக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது சராசரி விகிதம் ஏறத்தாழ 1.7 என்று வந்தது. சிலரிடம் அது 3ஐயும் கடக்கிறது. ஒரே உலோகம் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்துக்கொண்டதும், நஞ்சுக்கொடி அதை நடத்தும் விதம் தலைகீழாகிவிடுகிறது.

மெத்தில் பாதரசம் கொழுப்பில் கரைவதால் தானாகப் பரவிவிடுகிறது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. தானாகப் பரவும் பொருள் இருபுறமும் சமநிலையை நோக்கித்தான் செல்லும். ஒருபுறம் குவிவதற்கு வேறு காரணம் வேண்டும். உடலுக்குள் மெத்தில் பாதரசம் தனித்து இருப்பதே அரிது. கந்தகத்தின் மீது அதற்குள்ள ஈர்ப்பு மிக வலியது. சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினிலும், குளூட்டாதயோனிலும், சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்திலும் உள்ள கந்தகத் தொகுதிகளோடு அது ஒட்டிக்கொண்டே பயணிக்கிறது. இரத்தத்தில் இருப்பதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. சிஸ்டீனோடு இணைந்த சிறு பகுதிதான் சவ்வுகளைக் கடப்பதில் முக்கியமானது. அந்த இணைவின் வடிவம் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை ஒத்திருக்கிறது.

மெத்தியோனின், லியூசின், ஃபினைல் அலனின் போன்ற பெரிய நடுநிலை அமினோ அமிலங்களைச் செல்லுக்குள் கொண்டுவரும் கடத்திக்கு லாட்1 என்று பெயர். அது நஞ்சுக்கொடிப் படலத்தில் மிகுதியாக இருக்கிறது. வளரும் சேய்க்குப் புரதம் கட்ட இந்த அமினோ அமிலங்கள் தேவை. அதனால் நஞ்சுக்கொடி ஆற்றலைச் செலவிட்டு அவற்றைச் சேயின் பக்கம் குவிக்கிறது. சேயின் இரத்தத்தில் பெரும்பாலான அமினோ அமிலங்கள் தாயின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாக இருப்பது இதன் விளைவு. மெத்தில் பாதரசமும் சிஸ்டீனும் சேர்ந்த இணைவை லாட்1 மெத்தியோனின் என்றே எடுத்துக்கொள்கிறது. மாற்றுச் சாவியால் திறக்கப்படும் பூட்டு, சாவியைக் கொண்டுவந்தவர் யார் என்று பார்ப்பதில்லை.

இந்த விளக்கம் வெறும் ஊகமன்று. உடலில் இயல்பாக உள்ள எல் வடிவச் சிஸ்டீனோடு இணைந்த மெத்தில் பாதரசம் எளிதாக உள்ளே செல்கிறது. கண்ணாடிப் பிம்பம் போன்ற டி வடிவச் சிஸ்டீனோடு இணைந்தது அவ்வாறு செல்வதில்லை. கொழுப்பில் கரைந்து பரவுவதாயின் இரண்டுக்கும் வேறுபாடு இருக்க முடியாது. வலது இடது பார்த்துப் பிரிப்பது புரதத்தால் மட்டுமே இயலும். லியூசினோ மெத்தியோனினோ கூடுதலாகக் கொடுக்கப்பட்டால், அவை இடத்துக்குப் போட்டியிட்டு மெத்தில் பாதரசத்தின் நுழைவைக் குறைக்கின்றன. மூளைக்குள் நுழைவதைத் தடுக்கும் இரத்த நாள உட்சுவரிலும் இதே லாட்1 இருக்கிறது. ஆகவே சேயின் இரத்தத்தை அடைந்த மெத்தில் பாதரசம் சேயின் மூளைக்குள் நுழையவும் அதே வழி திறந்திருக்கிறது. ஒரே ஏமாற்று இரண்டு வாயில்களில் பலிக்கிறது.

சேயின் பக்கம் குவிவதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. நிறைமாதச் சேயின் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு தாயினுடையதைவிட அதிகம். மெத்தில் பாதரசம் சிவப்பணுக்களுக்குள் தங்குவதால், முழு இரத்தத்தை அளக்கும்போது சேயின் அளவு கூடித் தெரிவதில் ஒரு பங்கு இதற்கு உண்டு. மேலும், பெரியவரின் உடல் மெத்தில் பாதரசத்தைப் பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்பி, அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைக் கனிமப் பாதரசமாக உடைக்க, மலத்தோடு வெளியேற்றுகிறது. அப்படியும் இரத்தத்தில் உள்ள அளவு பாதியாக ஏறத்தாழ 50 நாட்கள் ஆகின்றன. கருவிலுள்ள சேய்க்கு அந்த வழி இல்லை.

தாய்மார்கள் நோயற்றவர்களாகத் தோன்றியதன் விளக்கமும் இங்கேதான் இருக்கிறது. தாய் உண்ட மெத்தில் பாதரசத்தின் ஒரு பகுதி தொடர்ந்து சேயின் உடலுக்குள் இழுக்கப்பட்டு, அங்கே தங்கிவிட்டது. தாயின் நலத்தைக் காட்டி, சேய்க்கு ஒன்றும் நேர்ந்திருக்க முடியாது என்று மருத்துவர்கள் வாதிட்டது இந்த நிகழ்வின் மிகப் பெரிய பிழை என்பது என் கருத்து. எந்தக் காரணத்தால் சேய் பாதிக்கப்பட்டதோ, அதே காரணத்தால்தான் தாயின் சுமை குறைந்திருந்தது.

பெட்டிக்குள் இருந்த சான்று

கருவுற்றிருந்தபோது தாயின் உடலில் எவ்வளவு பாதரசம் இருந்தது என்பதை ஆண்டுகள் கழித்து நிறுவுவது எப்படி? இரத்தமும் தலைமுடியும் அந்தக் காலத்தைத் தாண்டி நினைவு வைத்திருப்பதில்லை. ஆனால் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடித் துண்டை உலர்த்தி, சிறு மரப்பெட்டியில் பத்திரப்படுத்தி வைப்பது ஜப்பானியக் குடும்பங்களின் வழக்கம். நிஷிகாகி, ஹரடா இருவரும் மினமாட்டா பகுதியினரின் அத்தகைய துண்டுகளை அளந்து, முடிவை 1975இல் வெளியிட்டார்கள். துண்டுகளைப் பிறந்த ஆண்டு வாரியாக அடுக்கியபோது, மெத்தில் பாதரசத்தின் ஏற்ற இறக்கம் தொழிற்சாலையின் அசிட்டால்டிஹைடு உற்பத்தியின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து சென்றது.

நஞ்சுக்கொடி ஆய்வில் இதற்கு இணையான சான்று அரிது. தொப்புள்கொடி சேயின் திசு. அதில் உள்ள மெத்தில் பாதரசம் முழுவதும் நஞ்சுக்கொடியைக் கடந்தே வந்திருக்க வேண்டும். குழந்தை பிறந்த பின் உண்டதோ தொட்டதோ அதில் சேர வழியில்லை. தாய்ப்பால் வழியாக வந்திருக்கலாமே என்ற எதிர்வாதத்துக்கும் அது விடையளித்தது. மெத்தில் பாதரசம் தாய்ப்பாலில் கலப்பது குறைவு என்பதும், தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் இரத்தத்தில் அதன் அளவு பிறந்த முதல் மாதங்களில் இறங்கிக்கொண்டே வருவதும் பிற்கால அளவீடுகளில் உறுதியாயின. பால் சுரப்பியைவிட நஞ்சுக்கொடி இந்த நச்சைப் பன்மடங்கு தாராளமாகக் கடத்துகிறது.

மினமாட்டாவுக்கு அப்பால்

ஈராக்கில் 1971-72 குளிர்காலத்தில், மெத்தில் பாதரசப் பூஞ்சைக்கொல்லி பூசிய விதைக் கோதுமையை மாவாக்கி ரொட்டி செய்து உண்டவர்களில் 6,530 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். 459 பேர் அங்கே இறந்தார்கள். அங்கும் கருவிலிருந்த குழந்தைகள் தாய்மார்களைவிடக் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். இறந்த குழந்தைகளின் மூளையில் நரம்புச் செல்கள் தம் இடம் சேராமல் வழியில் நின்றுவிட்டது நுண்ணோக்கியில் தெரிந்தது. நாடும் உணவும் வேறாக இருந்தும் தாய்க்கும் சேய்க்கும் இடையிலான வேறுபாடு அப்படியே மீண்டும் வெளிப்பட்டது. இதற்குப் பிறகு மினமாட்டாவைத் தனித்த விபரீதமாகக் கருத இடமில்லை.

இவை பேரளவு நச்சேற்றங்கள். மீனைச் சாதாரணமாக உண்பவர்களிடம் உள்ள சிறு அளவு என்ன செய்யும் என்ற கேள்விக்கு விடை தேடி இரண்டு பெரிய தொடர் ஆய்வுகள் நடந்தன. பரோயே தீவுகளில் 1986-87இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம், தொப்புள்கொடி இரத்தத்தில் பாதரசம் கூடக் கூட, ஏழு வயதில் மொழி, கவனம், நினைவாற்றல் சோதனைகளில் மதிப்பெண் குறைந்தது. செஷல்ஸ் தீவுகளின் ஆய்வில் அத்தகைய தெளிவான தொடர்பு தெரியவில்லை. பரோயேயில் பாதரசத்தின் பெரும்பகுதி பைலட் திமிங்கல இறைச்சியிலிருந்து வந்தது. செஷல்ஸில் பலவகைக் கடல் மீன்களிலிருந்து வந்தது. இந்த முரணுக்கு நஞ்சுக்கொடியை அறிந்தவர்கள் சொல்லும் விளக்கம் கவனத்துக்குரியது. மீனில் உள்ள டிஎச்ஏ என்ற ஒமேகா 3 கொழுப்பு அமிலத்தையும் நஞ்சுக்கொடி தனிக் கடத்திகளைக் கொண்டு தேர்ந்தெடுத்துச் சேய்க்குக் கொடுக்கிறது. சேயின் மூளை வளர அது தேவை. ஒரே கவளத்திலிருந்து நன்மை செய்வதும் கேடு செய்வதும் நஞ்சுக்கொடியின் முன்னுரிமையோடு சேயை அடைகின்றன. எனவே கருவுற்ற பெண் மீனையே விலக்க வேண்டும் என்று சொல்வது சரியான அறிவுரையாகாது. சுறா, வாள்மீன் போன்ற, பிற மீன்களைத் தின்று நெடுங்காலம் வாழும் பெரிய மீன்களை விலக்கி, சிறு மீன்களை உண்ணச் சொல்வதற்கு இந்த இரட்டைக் கடத்தலில் நியாயம் இருக்கிறது.

பாதரசம் குறித்த உலக உடன்படிக்கை 2013 அக்டோபரில் குமாமோட்டோவில் மினமாட்டாவின் பெயரிலேயே ஏற்கப்பட்டு, 2017 ஆகஸ்ட் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் பாதுகாப்பான அளவு எது என்ற கணக்கில் நஞ்சுக்கொடிக்கு உரிய இடம் முழுமையாகக் கிடைத்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற வரம்பை 2001இல் வகுத்தபோது, பரோயே குழந்தைகளின் அளவீடுகளே முதன்மையாக இருந்தன. லிட்டருக்கு 58 மைக்ரோகிராம் என்ற தொப்புள்கொடி இரத்த அளவை அடிப்படையாகக் கொண்டு, பாதுகாப்புக்காகப் பத்தால் வகுத்தால் 5.8 கிடைக்கிறது. இது சேயின் இரத்தத்துக்கான எண். தாயின் உணவை அதிலிருந்து கணக்கிடும்போது, தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் சம அளவு பாதரசம் கொண்டவை என்று வைத்துக்கொள்ளப்பட்டது. விகிதம் 1.7 என்று கொண்டால், தாயின் இரத்தத்துக்கான எண் 3.4க்கு இறங்கிவிடுகிறது. தனிமனித வேறுபாடுகளைப் பத்தால் வகுத்ததே ஈடுசெய்துவிடும் என்ற வாதம் எனக்கு நிறைவளிக்கவில்லை. அறிந்த ஒரு விகிதத்தை, அறியாதவற்றுக்காக ஒதுக்கிய இடத்திலிருந்து கழிப்பது முறையாகாது. கருவுற்ற பெண்ணின் இரத்தத்தை அளந்து, வரம்புக்குள் இருக்கிறது என்று அறிக்கை எழுதும் மருத்துவர், அந்த எண் தாயின் இரத்தத்துக்கு வகுக்கப்பட்டதா, சேயின் இரத்தத்துக்கு வகுக்கப்பட்டதா என்பதை முதலில் கேட்க வேண்டும்.